பசித்த வேருக்கே பூசணம்

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பது மனிதர்களுக்குச் சொன்னது. நிலத்துக்கு அதைத் திருப்பிப் போட வேண்டும். கொழுத்த மண்ணில் கொள்ளு இலையும் கொடியுமாகப் பெருகும். இளைத்த மண்ணில்தான் அதன் சாமர்த்தியம் தெரியும். மற்றப் பயிர்கள் முகம் சுளிக்கும் சரளைச் செம்மண்ணில், பருவம் தப்பிய இரண்டு மழையை நம்பி, உரமூட்டை எதையும் கேட்காமல் அது காய்க்கிறது. கொள்ளு, துவரை, உளுந்து, பாசிப்பயறு நான்கும் இந்தத் துணைக்கண்டத்திலேயே காட்டுச்செடியாக இருந்து பயிரானவை. தக்காணத்துப் புதிய கற்காலக் குடியிருப்புகளைத் தோண்டியபோது ஏறத்தாழ 4,000 ஆண்டுப் பழமையான கொள்ளும் பாசிப்பயறும் கருகிய மணிகளாகக் கிடைத்திருக்கின்றன. சூப்பர் பாஸ்பேட் என்ற பொருளே உலகில் இல்லாத அத்தனை காலமும் இவை மணிச்சத்துக்கு (பாஸ்பரஸுக்கு) என்ன செய்தன? விடையின் பெரும்பகுதி வேருக்குள் குடியிருக்கும் ஒரு பூசணத்தில் இருக்கிறது. வேளாண் அலுவலர் அதை வேர் உட்பூசணம் என்கிறார். உரக்கடையில் வேம் என்று கேட்டால் பொட்டலம் எடுத்துத் தருவார்கள். அறிவியல் நூல்களில் ஆர்பஸ்குலர் மைக்கோரைசா. பொட்டலம் வந்ததிலிருந்து, அதை வாங்கித் தூவினால் வேலை முடிந்தது என்ற எண்ணமும் கூடவே வந்துவிட்டது. அந்த எண்ணம் பிழை என்பதே இக்கட்டுரையின் வாதம். பூசணம் வேருக்குள் வருவதா, வந்தாலும் உழைப்பதா என்பதை முடிவு செய்வது மண்ணின் நிலை. மண் சரியாக இருந்தால் பூசணம் பெரும்பாலும் அழையாமலே வரும். மண் சரியில்லையென்றால் அழைத்தாலும் தங்காது.

முதலில் ஆளைப் பார்த்துவிடுவோம். பூக்கும் பருவத்தில் உள்ள ஓர் உளுந்துச் செடியை ஈரமண்ணோடு தோண்டி எடுத்து அலசினால், வேரில் கடுகளவும் மிளகளவுமாக முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. அது லெக்ஹீமோகுளோபின், நம் இரத்தச் சிவப்பின் உறவுக்காரப் புரதம். முடிச்சுக்குள் ரைசோபியம் என்ற பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைத் தழைச்சத்தாக மாற்றிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அந்த நிறமே சாட்சி. பள்ளிப் பாடத்தில் நாம் படித்த கூட்டாளி இது. மற்றக் கூட்டாளி வெறுங்கண்ணுக்குத் தெரியாது. மெல்லிய வேர்த்துண்டைக் காரக் கரைசலில் வேகவைத்து நிறத்தை வெளுக்கச் செய்து, பேனா மையைக் கலந்த வினிகரில் சற்று நேரம் காய்ச்சி, நுண்ணோக்கியின் கீழ் வைக்க வேண்டும். சமையலறைக் குறிப்புபோல் தோன்றும் இது, 1998-இல் ஆய்விதழில் வெளியாகி இன்றும் ஆய்வகங்களில் புழங்கும் முறை. வேர் கண்ணாடிபோல் தெளிந்திருக்க, அதனுள்ளே நீலநூல்கள் ஓடும். செல்களுக்கு இடையில் நெளிந்து செல்லும் நூல் திடீரென ஒரு செல்லுக்குள் புகுந்து, கிளைத்து, மீண்டும் மீண்டும் கிளைத்து, இலையுதிர்ந்த குட்டி மரம்போல் நிற்கும். ஆர்பஸ்குல் என்றால் குறுமரம் என்றே பொருள். அந்த மரத்தின் ஆயுள் சில நாள்தான். அதற்குள் பூசணம் மணிச்சத்தைக் கொடுக்கிறது. வேர் சர்க்கரையையும் கொழுப்பையும் கொடுக்கிறது. சர்க்கரை மட்டுமே கைமாறுவதாக நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். இந்தப் பூசணத்தால் தனக்கு வேண்டிய கொழுப்பமிலத்தைத் தானே முதலிலிருந்து கட்ட முடியாது, அதையும் செடியிடமே வாங்குகிறது என்பது 2017-இல் உறுதியானது. செடி இல்லாவிட்டால் அதற்கு வாழ்வில்லை.

செடிக்கு இந்தக் கொடுக்கல் வாங்கல் ஏன் தேவைப்படுகிறது? மணிச்சத்தின் குணம் அப்படி. தழைச்சத்தின் நைட்ரேட் வடிவம் நீரோடு ஓடும். வேர் நீரை இழுத்தால் கூடவே வந்து சேரும். மணிச்சத்து ஓடாது. செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும், கரிசலில் சுண்ணாம்பும் அதைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. ஒரு ஏக்கர் மேல்மண்ணில் மொத்த மணிச்சத்து நூற்றுக்கணக்கான கிலோ இருக்கலாம். ஆனால் மண்ணீரில் கரைந்து நிற்கும் அடர்த்தி, வேர்ச் செல்லுக்குள் இருப்பதைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு குறைவு. வேர் தன்னை ஒட்டியுள்ள ஒன்றிரண்டு மில்லிமீட்டரைச் சில நாளில் உறிஞ்சித் தீர்த்துவிடுகிறது. அதன்பின் பந்தியில் வெறும் இலையின் முன் உட்கார்ந்தவர்போல் காத்திருக்க வேண்டியதுதான். பூசண இழை அந்த வறண்ட வளையத்தைத் தாண்டிப் பல சென்டிமீட்டர் தூரம் போகிறது. வேர் நுழைய முடியாத மண்துகள் இடுக்குகளில், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே தடிமனுள்ள இழை நுழைகிறது. நல்ல மண்ணில் ஒரு கிராமுக்குள் சில மீட்டர் நீளத்துக்கு இழை பின்னிக் கிடக்கும். பயறுக் குடும்பத்துக்கு இந்தத் தேவை இன்னும் கூடுதல். காற்றின் ஒரு நைட்ரஜன் மூலக்கூற்றை உடைக்க முடிச்சுக்குள் குறைந்தது 16 ஏடிபி மூலக்கூறுகள் செலவாகின்றன. ஏடிபி என்ற அந்த ஆற்றல் நாணயம் ஒவ்வொன்றிலும் மணிச்சத்து இருக்கிறது. மணிச்சத்து குறைந்தால் முடிச்சு சிறுக்கும். முடிச்சு சிறுத்தால் தழைச்சத்தும் குறையும். பயறு இரண்டு கூட்டாளிகளோடு வாழ்கிறது என்பதைவிட, இரண்டாவது கூட்டாளியின் தோளில் ஏறி முதல் கூட்டாளி நிற்கிறது என்பதே பொருந்தும்.

இதை உவமையாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உறவின் வரலாறும் இதையே சொல்கிறது. ஸ்காட்லாந்தின் ரைனி என்ற ஊரில் கிடைத்த, 40 கோடி ஆண்டுக்கு முற்பட்ட புதைபடிவச் செடிகளின் உடலுக்குள்ளேயே குறுமர வடிவங்கள் தெரிகின்றன. உண்மையான வேர் உருவாவதற்கு முன்பே பூசண உறவு இருந்தது. முடிச்சு போடும் பழக்கம் அதற்கு வெகு பின்னால் வந்தது. இரண்டுக்கும் உள்ள தொடர்பு 1989-இல் பிரான்சின் டிஜோன் நகரில் பட்டாணியை ஆராய்ந்தபோது வெளிப்பட்டது. முடிச்சே போடாத மரபுப்பிறழ்வுச் செடிகள் சிலவற்றை ஆய்வாளர்கள் பிரித்து வைத்திருந்தார்கள். அவற்றுள் சில, பூசணத்தையும் உள்ளே விடவில்லை. ஒரே மரபணு கெட்டால் இரண்டு விருந்தாளிகளும் வாசலில் நிற்கிறார்கள். அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்த மரபணுக்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டார்கள். பூசணத்துக்காகப் பழங்காலத்தில் அமைந்த வாசலையும் அழைப்புமணியையும்தான் பயறுக் குடும்பம் பிற்காலத்தில் பாக்டீரியாவுக்கும் பயன்படுத்திக்கொண்டது என்று தெரிந்தது. ஆகவே பயறுப்பயிரில் ரைசோபியத்தை மட்டும் பேசிவிட்டுப் பூசணத்தை மறப்பது, பெயரனைக் கொண்டாடிவிட்டுப் பாட்டனைத் திண்ணையில் விடுவதற்குச் சமம்.

வாசல் இருக்கிறது, அது எப்போது திறக்கும்? இங்கேதான் மண் பேச ஆரம்பிக்கிறது. சோளக்கொல்லையில் சுடுமல்லி என்ற வேர் ஒட்டுண்ணிக் களையை உழவர்கள் அறிவார்கள். அதன் விதை ஆண்டுக்கணக்கில் மண்ணில் உறங்கிக் கிடந்து, பயிரின் வேர் கசியவிடும் ஒரு பொருளை முகர்ந்ததும் முளைக்கும். அந்தப் பொருளை 1966-இல் பருத்தி வேரிலிருந்து பிரித்து ஸ்ட்ரைகோல் எனப் பெயரிட்டார்கள். தன்னைக் கொல்ல வருபவனுக்கு எந்தச் செடியாவது தகவல் அனுப்புமா? இந்தப் புதிர் கிட்டத்தட்ட 40 ஆண்டு நீடித்தது. 2005-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்நாட்டுக் காட்டுப் பயறினமான லோட்டஸ் செடியின் வேர்க்கசிவை ஆராய்ந்து விடை கண்டார்கள். அந்தக் குடும்பத்துப் பொருள் பூசண இழையைக் கிளைவிட்டுப் பரவத் தூண்டுகிறது. செடி கூப்பிட்டது பூசணத்தை. சுடுமல்லி ஒட்டுக்கேட்டு வந்த திருடன். மணிச்சத்துக்குப் பசித்த வேர் இந்தப் பொருளை மிகுதியாகக் கசியவிடும். வயிறு நிறைந்த வேர் கசிவைச் சுருக்கிக்கொள்ளும். அதோடும் நிற்கவில்லை. 2011-இல் வெளியான பட்டாணி ஆய்வு ஒன்றில் ஒரே செடியின் வேரை இரண்டாகப் பிரித்து இரண்டு தொட்டிகளில் வளர்த்தார்கள். ஒரு பாதிக்கு மட்டும் மணிச்சத்தைத் தாராளமாக ஊட்டினார்கள். மணிச்சத்து கிடைக்காத மறுபாதியிலும் பூசணம் குறைந்தது. செடி முழுவதற்குமாக ஒரே கணக்கு வைத்துத் தீர்மானிக்கிறது. கசிவுப் பொருளை ஆய்வாளர்கள் வெளியிலிருந்து ஊற்றிப் பார்த்தும் பயனில்லை. வயிறு நிறைந்த செடி வாசலைத் திறக்கவில்லை. மணிச்சத்துப் பசியை உணரும் பிஎச்ஆர் என்ற புரதமே பூசண உறவுக்கான மரபணுக்களையும் இயக்குகிறது என்று 2021-இல் நெல்லில் காட்டியபோது, இந்தத் தீர்மானம் செல்லின் உள்ளே எங்கே எடுக்கப்படுகிறது என்பதும் தெளிவாயிற்று.

பட்டாணி ஆய்வைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். பூசணம் பக்கத்திலேயே இருந்தது. அழைப்புப் பொருளும் இருந்தது. மணிச்சத்து ஊட்டப்பட்ட செடி மட்டும் வேண்டாம் என்றது. பொட்டலத்தால் வெல்ல முடியாத தடை இதுதான். மண்ணில் மணிச்சத்து ஏராளமாக இருந்தால், எத்தனை கிலோ வேம் இட்டாலும் வேர் கண்டுகொள்ளாது. அதற்காகப் பட்டினி கிடந்தால்தான் பூசணம் பெருகும் என்று எடுத்துக்கொள்வதும் தவறு. மணிச்சத்து அறவே இல்லாத மண்ணில் பூசணத்துக்கே கொண்டுவந்து கொடுக்க எதுவும் இல்லை; சர்க்கரை செய்யச் செடிக்கும் தெம்பில்லை. மிகக் குறைந்த நிலையிலிருந்து சற்று ஏறும்போது உறவு வலுக்கிறது, மேலும் ஏறினால் தளர்கிறது. தமிழ்நாட்டு மண்பரிசோதனை நிலையங்கள் ஹெக்டேருக்கு 11 கிலோவுக்குக் கீழ் கிடைக்கத்தக்க மணிச்சத்து இருந்தால் குறைவு என்றும், 11 முதல் 22 கிலோ வரை நடுத்தரம் என்றும், அதற்கு மேல் மிகுதி என்றும் வகுக்கின்றன. உர அளவு சொல்ல வகுத்த அந்த அளவுகோலைப் பூசணம் எந்தப் பக்கம் சாயும் என்று ஊகிக்கவும் பயன்படுத்தலாம். மானாவாரிக் கொள்ளு நிலம் முதல் வகுப்பிலோ இரண்டாம் வகுப்பின் தொடக்கத்திலோ இருந்தால் கூட்டாளிக்கு வேலை இருக்கிறது. காய்கறிக்கும் கரும்புக்கும் ஆண்டுதோறும் டிஏபி கொட்டிய தோட்டம் மூன்றாம் வகுப்பில் வெகுதூரம் போயிருந்தால், அங்கே பயறு விதைத்துப் பூசணமும் இடுவது பணத்தை மண்ணில் புதைப்பதுதான்.

மண்ணின் வகைக்கும் இதில் பங்குண்டு. ஐதராபாத்தை அடுத்த பட்டஞ்செருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனத்தில் செம்மண், கரிசல் இரண்டும் ஒரே வளாகத்துக்குள் இருக்கின்றன. ஜப்பானிய அறிவியலாளர் நொரிஹாரு ஏயும் அவருடைய குழுவினரும் அங்கே மணிச்சத்து உரமிடாத தொட்டிகளில் துவரை, சோளம், மக்காச்சோளம், கம்பு, சோயா ஆகியவற்றை வளர்த்து, 1990-இல் முடிவை வெளியிட்டார்கள். கரிசலில் எல்லாம் பிழைத்தன. செம்மண்ணில் துவரையைத் தவிர மற்றவை தாக்குப்பிடிக்கவில்லை. துவரையின் வேர் பிசிடிக் அமிலம் என்ற பொருளைக் கசியவிட்டு, மணிச்சத்தைப் பிடித்துவைத்திருக்கும் இரும்பைத் தன் பக்கம் இழுத்து, மணிச்சத்தை விடுவிக்கிறது என்று அவர்கள் விளக்கினார்கள். இந்த ஆய்வு என் வாதத்துக்கு எதிரான சாட்சிபோல் தோன்றலாம். சோளத்தின் வேரிலும் பூசணம் வாழும். அப்படியிருந்தும் சோளம் செத்தது என்றால், பூசணத்தால் என்ன பயன்? பயிரை எல்லா மண்ணிலும் பூசணம் தனியாகக் காப்பாற்றிவிடும் என்று சொல்பவருக்கு இது சரியான அடி. லூபின் என்ற பயறினமோ பூசணத்தை அறவே விட்டுவிட்டு, அமிலம் கசியும் கொத்துவேர்களை வைத்துக்கொண்டே வாழ்கிறது. ஆனால் பட்டஞ்செருவுத் தொட்டிகள் மற்றொன்றையும் காட்டுகின்றன. பூசண இழை மணிச்சத்தைச் சுமக்கும் கூலியாள். பூட்டை உடைக்கும் கொல்லன் அது இல்லை. இரும்புப் பூட்டு எவ்வளவு இறுக்கம், அதைத் திறக்கும் வேர் பக்கத்தில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே கூலியாளுக்குச் சுமை கிடைக்கும். செம்மண்ணில் சோளத்தோடு துவரையை ஊடுபயிராகவோ அடுத்த பயிராகவோ வைக்கும் தக்காணத்து வழக்கத்துக்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது.

மணிச்சத்துக்கு அடுத்தபடி பூசணத்தின் தலையெழுத்தை எழுதுவது, நிலம் எவ்வளவு காலம் வேரில்லாமல் கிடக்கிறது என்பது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்துக் கரிசல் பூமியில் ஒரு விநோத நோய் இருந்தது. ஈரம் சேமிப்பதற்காக ஓராண்டுக்கு மேல் களையே இல்லாமல் தரிசு போட்ட நிலத்தில், ஈரமும் தழைச்சத்தும் நிறைந்திருந்தும் சூரியகாந்தியும் ஆளியும் கொண்டைக்கடலையும் குன்றின. ஓய்வெடுத்த நிலம் கூடுதலாக விளைய வேண்டுமே, ஏன் குறைகிறது? ஜே. பி. தாம்சன் 1987-இல் விடையை நிறுவினார். வேர் இல்லாத நிலத்தில் பூசணத்துக்கு உணவில்லை. மாதங்கள் கூடக்கூட அது அருகிவிடுகிறது. அடுத்து வரும் பயிர் மணிச்சத்துக்கும் துத்தநாகத்துக்கும் ஏங்குகிறது. அந்த இரண்டையும் உரமாக இட்டாலும் பயிர் தேறியது, பூசணம் திரும்பினாலும் தேறியது. உழவும் இதேபோல் வெட்டுகிறது. விதை முளைத்ததும் பழைய இழைவலையில் இளவேர் இணைந்துகொண்டால், முதல் வாரங்களிலேயே பங்கு கிடைக்கும். வலை அறுந்திருந்தால் ஒவ்வோர் இழையும் முதலிலிருந்து வளர வேண்டும். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் மக்காச்சோளத்தைக் கொண்டு செய்த நீண்ட ஆய்வுத் தொடர், மண்ணைக் கிளறாமல் விட்டபோது இளம்பயிர் கூடுதல் மணிச்சத்து எடுத்ததைக் காட்டியது. கோடையுழவு வேண்டாமா என்று நம் உழவர் கேட்பார். கூட்டுப்புழுவை வெயிலில் போடவும், முதல் மழையை நிலத்துக்குள் இறக்கவும் அது தேவைப்படும் நிலங்கள் உண்டு. ஒருமுறை உழுததால் பூசணம் அழியாது. அறுந்த வேர்த்துண்டுகளிலிருந்தும் வித்துகளிலிருந்தும் மீண்டுவிடும். கெடுதல் செய்வது ஓயாத உழவும், அதைத் தொடரும் மொட்டைத் தரிசும் சேர்ந்த கூட்டணி. கொழுஞ்சியைத் தானாக முளைக்கவிட்டு ஆடு கடிக்காமல் நிற்கவிடும் நிலத்தில் தழைச்சத்தோடு பூசணமும் அடுத்த பருவம்வரை உயிரோடு இருக்கும். உள்ளூர்ப் பயறினம் ஒன்று, கோடையில் பூசணத்துக்குச் சத்திரமாக நிற்கிறது.

நீரின் கதை இன்னும் நுட்பமானது. காவிரிப் படுகையில் நெல் அறுவடைக்கு 7 முதல் 10 நாளுக்கு முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது நிற்கும் பயிருக்குள்ளேயே உளுந்தையும் பாசிப்பயறையும் விதைப்பார்கள். நெல் தரிசுப் பயறு என்பது அதன் பெயர். அந்த விதை விழும் மண் பல வாரங்கள் நீருக்கடியில் மூச்சில்லாமல் இருந்த மண். காற்றை நம்பி வாழும் பூசணம் அங்கே ஒடுங்கியிருக்கும். அமெரிக்காவில் 1993-இல் மிசிசிப்பி வெள்ளம் வடிந்த வயல்களில் மறுஆண்டு மக்காச்சோளம் மணிச்சத்துக் குறைவால் ஊதாநிறம் கண்டது; பூசணம் மங்கியதே காரணம் என்று கண்டார்கள். நெல்வயலில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. வெள்ளத்தின்போது இரும்பு உருமாறி, பிடித்துவைத்த மணிச்சத்தை விடுவிக்கும்; நெல்லுக்கு அது லாபம். நீர் வடிந்து காற்று புகுந்ததும் இரும்பு மீண்டும் இறுகி, முன்னைவிடப் பிடிவாதமாக மணிச்சத்தைக் கவ்விக்கொள்ளும். ஆக, மணிச்சத்து பூட்டப்படும் அதே வாரங்களில், அதைத் தேடித்தரும் ஆள் குறைந்திருக்கும் மண்ணில், உளுந்து வேர் இறக்குகிறது. உழாமல் விதைப்பதால், மிஞ்சிய இழைகள் அறுபடாமல் இருப்பது ஒன்றே ஆறுதல். பூசணம் இட்டால் பலன் தெரியக்கூடிய இடங்களில் ஒன்று என்று தர்க்கப்படி சொல்லத்தக்கது இந்த வயல். ஆயினும் அங்கேயும் வடிகால் கெட்டு நீர் தேங்கினால் இட்டதும் மூழ்கிப்போகும்.

மற்ற நிலைமைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். உப்பு ஏறிய உவர்நிலத்தில் பூசணத்தின் வித்து முளைப்பது குறைகிறது. முளைத்து வேரை அடைந்தவை பயிருக்கு உப்பைத் தாங்க உதவுகின்றன. கடுகு, முட்டைக்கோஸ், பீட்ரூட், பசலைக்கீரை போன்றவை பூசணத்தை ஏற்காத குடும்பங்களைச் சேர்ந்தவை. அவற்றின் பின்னால் வரும் பயறுக்குக் கிடைக்கும் மண், பூசணத்தின் கணக்கில் ஒரு பருவம் தரிசு கிடந்த மண்தான். பெனோமைல் என்ற பூசணக்கொல்லியை அமெரிக்காவின் கான்சாஸ் புல்வெளி ஆய்வுகளில் மண்ணுக்கு ஊற்றியதே வேர்ப்பூசணத்தை அடக்கிப் பார்ப்பதற்காகத்தான். அது சிதைந்தால் வருவது நம் கடைகளில் விற்கும் கார்பென்டாசிம். ஒரு கிலோ விதைக்கு 2 கிராம் என்று நேர்த்தி செய்வதற்கும், வேர் நனைய மண்ணில் ஊற்றுவதற்கும் உள்ள தூரம் பெரிது. பின்னதைத்தான் அஞ்ச வேண்டும். இயற்கை எரு என்றால் எல்லாம் நலம் என்பதும் சரியில்லை. மட்கிய தொழுவுரம் மண்ணைப் பொலபொலப்பாக்கி இழைக்கு வழிவிடுகிறது. மணிச்சத்து மிகுந்த கோழி எருவை ஆண்டுதோறும் குவித்தாலோ அது டிஏபி செய்த வேலையையே செய்யும். மூட்டையில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று வேர் படிப்பதில்லை.

உரம் மிகுந்த மண்ணில் பூசணம் குறைவதோடு மட்டும் நின்றிருந்தால் பரவாயில்லை. அங்கே மிஞ்சுகிற பூசணத்தின் தரமும் மாறலாம் என்பது அடுத்த கவலை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் சீடார் கிரீக் என்ற ஆய்வுநிலம் இருக்கிறது. நான்சி ஜான்சன் அங்கே உரமிட்ட மண்ணின் பூசணத்தையும் இடாத மண்ணின் பூசணத்தையும் தனித்தனியே ஒரு புல்லினத்துக்குக் கொடுத்து ஒப்பிட்டார். உரமிடாத மண்ணிலிருந்து வந்த பூசணத்தோடு வளர்ந்த புல்லே செழித்தது. 1993-இல் வெளியான அந்த ஆய்வின் தலைப்பே ஒரு கேள்வி: உரம், உதவி குறைந்த பூசணத்தைத் தேர்ந்தெடுத்துவிடுமா? ஏன் அப்படி ஆகலாம் என்பதற்கு விளக்கம் 2011-இல் டோபி கியர்ஸ் குழுவினரிடமிருந்து வந்தது. மெடிகாகோ என்ற சிறிய பயறினச் செடிக்கு அதிக மணிச்சத்து கொடுக்கும் பூசணத்தையும் கஞ்சப் பூசணத்தையும் ஒருசேரக் கொடுத்தபோது, செடி தாராளமானவனுக்கே கூடுதல் சர்க்கரை அனுப்பியது. பூசணமும் சர்க்கரை கூடுதலாகத் தரும் வேருக்கே மணிச்சத்தைக் கூடுதலாகக் கொடுத்தது. இது இரண்டு பக்கமும் விலை கேட்கும் சந்தை. மண்ணிலேயே மணிச்சத்து இலவசமாகக் கிடைக்கும்போது நல்ல வியாபாரிக்கு மரியாதை இல்லை. சும்மா இருந்து சர்க்கரை தின்பவன் நிலைத்துவிடுகிறான். ஒரு நிலத்தில் என்ன பூசணம் இருக்கிறது என்பதுகூட அந்த மண்ணின் கடந்தகாலம் எழுதிய பட்டியல்தான்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். அப்படியானால் நல்ல பூசணத்தை வெளியிலிருந்து கொண்டுவந்து இடுவதுதானே முறை என்பது முதல் மறுப்பு. இடம் பார்த்து இட்டால் முறைதான். கிருமிநீக்கம் செய்த நாற்றங்கால் கலவை, மேல்மண் முழுதும் போன சுரங்கக் கழிவுமேடு, பூசணம் அற்றுப்போன நிலம் ஆகியவற்றில் பலன் தெளிவாகத் தெரிகிறது. கான்சாஸில் உழுது பாழான நிலத்தை மீண்டும் புல்வெளியாக்கும் ஆய்வுகளில், பழைய புல்வெளியிலிருந்தே எடுத்துப் பெருக்கிய உள்ளூர்ப் பூசணம் அந்த மண்ணுக்கே உரிய செடிகளை நிலைக்கச் செய்தது. ஆனால் இந்தப் பூசணத்தைச் சாடியில் தனியே வளர்க்க முடியாது. மக்காச்சோளம் போன்ற பயிரின் வேரில் பெருக்கி, வெர்மிகுலைட் போன்ற ஊடகத்தோடு பொட்டலமாக்குகிறார்கள். வெயிலில் கிடந்து காலாவதியான பொட்டலத்தில் உயிர் எவ்வளவு மிஞ்சும் என்பது ஒரு கேள்வி. வெளிநாடுகளில் கடைச்சரக்கைச் சோதித்தபோது வேரில் ஏறவே ஏறாத பொட்டலங்களும் அகப்பட்டன. உயிரோடு இருந்தாலும், ஏற்கெனவே அந்த மண்ணோடு பழகிய உள்ளூர்ப் பூசணத்தோடு போட்டியிட வேண்டும். இரண்டையும் தாண்டினாலும் மணிச்சத்து மிகுந்த வேரின் மூடிய வாசல் முன்னே நிற்கும்.

இரண்டாவது மறுப்பு கனமானது. மேகன் ரயான், ஜேம்ஸ் கிரகாம் இருவரும் 2018-இல் ஓர் ஆய்விதழில் வெளிப்படையாகவே எழுதினார்கள்: பயிர் மேலாண்மையில் உழவர் இந்தப் பூசணத்தின் அளவையோ வகையையோ பொருட்படுத்த வேண்டும் என்பதற்குச் சான்று சொற்பம். மத்தியாஸ் ரில்லிக் உள்ளிட்டோர் மறுஆண்டு மறுத்து எழுதினார்கள், விவாதம் நடந்தது. ரயான், கிரகாம் கூற்றை ஒதுக்கித் தள்ளக் கூடாது. பூசணம் வேரில் எத்தனை சதவீதம் ஏறியது என்ற எண்ணைக் காட்டி விளைச்சல் கூடிவிட்டதாக மகிழும் ஆய்வுகளுக்கு அவர்கள் கேட்ட கேள்வி வேண்டியதுதான். ஆனால் அவர்களுடைய வாதம் பெரிதும் நிற்பது போதிய உரம் பெறும் கோதுமை போன்ற தானிய வயல்களின் மேல். அங்கே கோதுமையின் வேர் மெல்லியது, ரோமம் நிறைந்தது, மண்ணில் மணிச்சத்தும் இருக்கிறது, கூலியாள் தேவைப்படவில்லை. மானாவாரிச் செம்மண்ணில் நிற்கும் கொள்ளுக்கும் துவரைக்கும் அந்த மூன்றும் பொருந்தாது. முடிச்சின் மணிச்சத்துச் செலவு வேறு தலைக்குமேல் நிற்கிறது. இந்தியா தன் மணிச்சத்து உரத்துக்கான பாறைத் தாதுவில் பெரும்பகுதியை வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது; இடும் உரத்தில் கால்பங்குகூட முதல் பயிருக்குப் போய்ச் சேர்வதில்லை. அப்படிப்பட்ட நாட்டில், மண்ணில் ஏற்கெனவே பூட்டிக் கிடப்பதை எட்டித் தரும் வழி ஒன்றைப் பொருட்படுத்த வேண்டாம் என்று கோதுமையைக் காட்டிச் சொல்ல முடியாது. உண்மையில் இரு தரப்பும் ஒன்றையே இரு முனையிலிருந்து சொல்கின்றன: மண்ணின் நிலை தெரியாமல் பூசணத்தைப் பற்றிப் பேசுவது வீண்.

சர்க்கரை தின்னும் பூசணத்துக்குத் தீனி போடுவதைவிட உரத்தையே போட்டு விளைச்சலை எடுத்தால் என்ன என்பது கடைசி மறுப்பு. மணிச்சத்து ஒன்றையே எண்ணினால் அந்தக் கணக்கு சில இடங்களில் சரியாகவும் வரும். பூசணம் கொண்டுவருவதில் துத்தநாகமும் அடக்கம். மணிச்சத்து உரம் மிகுந்து பூசணம் விலகியபின் பயிரில் துத்தநாகக் குறைவு தலைகாட்டுவது ஆய்வில் பதிவான ஒன்று. தமிழ்நாட்டு மண்ணில் துத்தநாகம் ஏற்கெனவே பரவலாகக் குறைவு. மண்துகள்களைச் சேர்த்துக் கட்டி மழைநீருக்கு வழிவிடுவதிலும் இழைகளுக்குப் பங்குண்டு. அதை எந்த மூட்டையும் தருவதில்லை. ஆகவே உழவர் செய்ய வேண்டிய வேலையின் வரிசை மாறுகிறது. முதலில் மண்ணைச் சோதிப்பது, மிகுதி என்று வந்தால் அந்தப் பருவத்தில் மணிச்சத்து உரத்தைக் குறைப்பது, கோடையில் நிலத்தை மொட்டையாக விடாமல் ஏதாவதொரு வேரை உயிரோடு வைப்பது, வடிகாலைச் சரிசெய்வது. இவ்வளவுக்கும் பிறகும் பூசணம் அற்ற நிலம் என்று தெரிந்தால் மட்டுமே பொட்டலம். 2015 முதல் நாடு முழுதும் உழவர்களுக்குக் கொடுத்துவரும் மண்வள அட்டையில் 12 வரிசைகள் இருக்கின்றன. வேர்ப்பூசணத்துக்கு அதில் தனி வரிசை கிடையாது. ஆனால் மணிச்சத்து, துத்தநாகம், கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம் என்ற ஐந்து வரிசைகள் உண்டு. அட்டையைப் பெட்டிக்குள் பூட்டி வைக்காமல் அந்த ஐந்தையும் சேர்த்துப் படிக்கிறவர், தன் கொள்ளு வேருக்குள் இருப்பவரின் நலத்தையும் விசாரித்துவிட்டார்.